பழுப்பேறாத ஸ்லைடு

"அங்கிள், இனிமே ஸ்டெயினே வேண்டாம். எந்தக் கட்டிக்கு எந்த மருந்து கேக்கும்னு ஸ்லைடு படத்தைப் பாத்தே கம்ப்யூட்டர் சொல்லிடும்." பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருப் பையன், மென்பொருள் கம்பெனிக்காரன், ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியனான எனக்குச் சொன்ன சேதி இது. சரி தம்பி, அந்த ஸ்லைடை யார் செய்து தருவது?

மார்பகக் கட்டியில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) இருக்கிறதா என்று ஸ்டெயின் போட்டுப் பார்ப்பது எங்கள் அன்றாடப் பிழைப்பு; இருந்தால் பழுப்பேறும். ஜீன்களை முடுக்கிவிடும் புரதம் அது. டமாக்சிஃபென் மருந்து போய் ஒட்டுவது அதில்தான். 100 செல்லில் ஒன்றின் கரு பழுப்பேறினாலே பாசிட்டிவ் என்பது 2010-இல் வந்த விதி. 2020-இல் 1 முதல் 10 வரை 'லோ பாசிட்டிவ்' என்று பிரித்தார்கள். இதெல்லாம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினைத்தான் யாரும் மதிப்பதில்லை. கட்டி வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் அறுத்து அதில் போட வேண்டும். 6 மணி நேரமாவது ஊற வேண்டும், 72-ஐத் தாண்டக் கூடாது. அறுக்காமல் முழுசாகப் போட்டால் நடுப்பகுதி கெட்டுவிடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சனிக்கிழமை எடுத்த கட்டி திங்கள் காலை சின்ன டப்பாவில் திணித்தபடி, மேலே கொஞ்சம் ஃபார்மலினோடு வரும். பிறகு ஸ்லைடைச் சிட்ரேட்டில் போட்டுக் குக்கரில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போன புரதம் திரும்பாது. "நெகட்டிவ்னு எழுதுப்பா" என்பார்கள். பழுப்பேற வேண்டிய, பக்கத்திலுள்ள நல்ல பால்குழாயும் வெறும் நீலமாக நிற்கிறதே என்பேன். டெக்னீஷியன் பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்?

2000-இல் மும்பை டாடா மெமோரியல் 798 கட்டிகளின் கணக்கை வெளியிட்டது, ஈ.ஆர். பாசிட்டிவ் மூன்றில் ஒன்றுதான். பிறகு அங்கேயே அது பாதியைத் தாண்டியது. அதற்குள் நம் பெண்களின் நோயா மாறிவிட்டது? கைவேலை திருந்தியது என்பேன் நான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1997 முதல் 2005 வரை 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.ஆர். தவறாகப் போய், விசாரணைக் கமிஷனே வைத்தார்கள்.

இன்னொரு மருந்து டாசமெட்டோஸ்டாட். எபிதீலியாய்டு சார்கோமா என்னும் அரிய புற்றுநோய்க்கு 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. இந்தக் கட்டியில் ஐ.என்.ஐ.1 என்னும் புரதம் பழுப்பேறாமல் இருப்பதுதான் அடையாளம். ஈ.ஆரில் மருந்தைப் பறிக்கும் அதே கெட்ட ஃபார்மலின், இங்கே வேண்டாத மருந்தைக் கொடுத்துவிடும். ஐ.என்.ஐ.1 இழந்த கட்டியுள்ள 62 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்ததில் 15 சதவீதத்தினருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஸ்லைடு சரியாக இருந்தும் கணிப்பு இவ்வளவு கடினம். இதில் கம்ப்யூட்டர் என்னும் குறுக்குவழி வேறு.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், கட்டி எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டித்துண்டை மெழுகில் பதித்த பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள். சந்தேகம் வந்தால் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையிலோ வேறு நல்ல லேபிலோ மறுபடி பார்க்கலாம்.