கண்ணாடி எங்கேம்மா?

காலைச் சந்தையிலிருந்து மீனும் கீரையுமாகத் திரும்பியபோது வீட்டில் ரேடியோ ஓடவில்லை. மின்னல் எஃப்எம் பாடாத பகல் எங்கள் வீட்டில் கிடையாது. அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். பிறகு சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார்: "கண்ணாடி எங்கேம்மா?"

மடியில் வங்கி அட்டை. அதிலிருக்கும் எண்ணைப் படிக்கத்தான் கண்ணாடி.

கைப்பேசியை வாங்கி என் காதில் வைத்தேன். பணிவான மலாய்க் குரல். புக்கிட் அமான் போலிஸ் தலைமையகத்திலிருந்து சார்ஜன் பேசுகிறாராம். நான் எதுவும் சாமர்த்தியமாகப் பேசவில்லை. கை நடுங்கியது, துண்டித்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

முழுக் கதையும் பிற்பாடுதான் வந்தது. அத்தையின் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, அதற்குள் பிறருடைய ஐசியும் (அடையாள அட்டையும்) வங்கி அட்டைகளும். கோத்தா கினபாலு நீதிமன்றத்தில் வழக்கு. சாயங்காலத்துக்குள் கைது ஆணை. பணத்தைத் 'தணிக்கை'க்காக வேறு கணக்குக்கு மாற்றினால் விசாரணை முடிந்ததும் திரும்ப வரும். வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களும் மாட்டுவார்கள். மலேசியாவில் இதற்கு 'மக்காவ் ஸ்கேம்' என்று பெயர். பத்திரிகையில் வாரந்தோறும் வரும். கடல் தாண்டியுள்ள சபாவின் நீதிமன்றத்தை ஏன் சொல்கிறார்கள் என்றால், ஜொகூரில் இருக்கும் எழுபத்தாறு வயதுக் கிழவி பஸ் ஏறிப் போய் விசாரிக்க முடியாது என்பதற்காக.

நான் பட்டுக்கோட்டைக்காரி. கல்யாணமாகி ஜொகூரின் மாசாய்க்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னும் என்னிடம் சிவப்பு ஐசிதான், நிரந்தரவாசி. அத்தைக்கு நீல ஐசி, குடியுரிமை உள்ளவர். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். இந்த வீட்டில் அவரைவிடச் சந்தேகக்காரர் யாருமில்லை. மீன்காரன் தராசை நம்பமாட்டார், ஜோசியரை நம்பமாட்டார், தேர்தலுக்கு வரும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு எவரையும் நம்பமாட்டார். போலிஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இன்றும் 'மாத்தா' என்ற பழைய சொல்லைத்தான், குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் அட்டையை எடுத்து மடியில் வைத்திருக்கிறார்.

அன்று அவருக்கு என்மேல்தான் கோபம். "கட் பண்ணிட்டியே, இப்ப அவங்க நெசமாவே வந்துட்டா?" இரண்டு நாள் முன்கேட்டைப் பூட்டியே வைத்தார். மூன்றாம் நாள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு கைலி, ஒரு துண்டு, பிரஷர் மாத்திரை, விபூதி டப்பா. லாக்கப்புக்குப் போகத் தயாராகக் கட்டிவைத்த பை.

"நீங்கதான் போலிஸை நம்பவே மாட்டீங்களே அத்தை. அப்புறம் எப்படி?" என்று கேட்டேன்.

"நம்பாததாலதாம்மா. நம்புனா நான் ஏன் பயப்படப் போறேன்? நாம ஒண்ணும் செய்யலையே, வரட்டும், கேக்கட்டும்னு இருந்திருப்பேன்லா."

அதுவரை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாறுகிறவர்கள் வெள்ளந்திகள், அதிகாரத்தை அப்படியே நம்புகிறவர்கள் என்று. அத்தை ஏமாறவிருந்தது நம்பிக்கையால் இல்லை. குற்றம் செய்யாதவனையும் பிடித்துப் போவார்கள், பணம் கொடுத்தால் விடுவார்கள் என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரியும். அறுபதுகளில் அவருடைய அண்ணனை ஒட்டுப்பால் திருடியதாகப் பிடித்துப் போனார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு ரெண்டு வெள்ளி, மூணு வெள்ளி என்று திரட்டிக் கொடுத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். (இங்கே ரிங்கிட்டை நாம் வெள்ளி என்றுதான் சொல்வோம்.) போனில் பேசிய சார்ஜன், அவர் ஏற்கெனவே அறிந்த உலகத்தின் விதிகளைத்தான் சொன்னான்.

அந்த விதிகளை அவர் கற்பனையில் கட்டிக்கொள்ளவில்லை. 2009 ஜனவரியில் குகன் என்ற 22 வயது இளைஞர் சுபாங் ஜெயாவில் போலிஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் என்று முதலில் சொன்னார்கள். குடும்பம் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனைதான் அடி உதையைச் சொன்னது. 2013இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்பே, 2005இல், போலிஸ்மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்திருந்தது. ஏதோ ஓர் ஆணையம் செயல்படத் தொடங்கியதே 2023இல்தான், அதுவும் பரிந்துரைத்ததைவிடப் பல் குறைந்தது.

வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட 'சிவப்புப் புத்தகம்' என்ற சிறு கையேடு இங்கே பிரபலம். போலிஸ் நிறுத்தினால் என்ன செய்யலாம் என்று சொல்வது. சீருடை இல்லாதவர் வந்தால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாமாம். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் அதற்குக் கீழே, வெள்ளை ரிசர்வ் படை, சிவப்பு என்றால் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர். இடைநீக்கமானவருக்கும் ஓர் அட்டை கொடுத்து அனுப்புகிறார்களே என்று முதலில் சிரித்தேன். அந்த நிறக் கணக்கைப் பிறகு அத்தைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஊருக்குப் போன் செய்தபோது தம்பி சொன்னான், அங்கேயும் இதே கதைதானாம், பெயர் மட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆளை நகரவிடாமல் வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் இந்தியப் பிரதமரே வானொலி உரையில், சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிக்காத குடும்பம் என்று பெண் பார்க்கும்போது பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது. அந்தப் பெருமைக்குள் இருக்கிற பயத்தைத்தான் அவர்கள் வசூல் செய்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு இதில் பாதி சம்மதம். அவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். "அங்க கவர்மெண்டை எல்லாரும் நம்புறாங்க, அங்கயும் ஏமாறுறாங்களே" என்பார். உண்மைதான். அரசு அதிகாரிபோல் பேசி ஏமாற்றியதில் மட்டும் 2024இல் சிங்கப்பூரர்கள் 15 கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள். அங்கே நம்பிக்கை கதவைத் திறந்துவிடுகிறது, இங்கே பயம். ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு இரண்டு பக்கமும் திருடனுக்குச் சாவி கிடைக்கிறது.

அதிகாரத்தை நம்ப முடியாத சமூகம் யாரை நம்பும்? நம்ம ஆளை. மலேசியத் தமிழரின் நெடுங்கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பால் மரம் வெட்டிய குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இந்தியர் கட்சியான மஇகாவின் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டங்களை வாங்கியது, இன்றும் இருக்கிறது. சொன்னபடி நடந்தது.

1982இல் மஇகா அதே மக்களிடம் மீண்டும் போனது. இந்த முறை மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். கட்சித் தலைவரும் அமைச்சருமான சாமிவேலு கேட்டார், சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்கள், கடன் வாங்கியவர்கள் பலர். சம்பந்தன் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் மைக்கா செலவழித்தது என்று எனக்குத் தோன்றும். 1990இல் டெலிகோம் நிறுவனப் பங்குகளில் ஒரு கோடி ஒதுக்கப்பட்டு, பத்து லட்சம்தான் மைக்காவுக்கு வந்தது, மீதி மூன்று நிறுவனங்களுக்குப் போனது என்று பின்னர் விவகாரம் வெடித்தது. தவறு எதுவும் செய்யவில்லை என்று சாமிவேலு மறுத்தார், விசாரணைக்குப் பிறகும் அவர்மீது வழக்கு வரவில்லை. 2010இல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளி போட்டவருக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து 80 காசு. 2022இல் சாமிவேலு இறந்தபோதும் சாவு வீட்டுப் பேச்சில் மைக்கா வராமல் இல்லை.

அத்தை அதில் பங்கு வாங்கவில்லை. முன்னமே தெரிந்துவிட்டதோ என்று ஒருமுறை கேட்டேன். "புத்தி எல்லாம் இல்லம்மா. காசு இல்ல."

ஆனால் அவர் கூட்டு பிடிப்பார். எட்டுப் பத்துப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. நம் ஊர்ச் சீட்டுதான். மலேசியாவில் இதைத் தடைசெய்ய 1971ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது, அதன் பெயரிலேயே 'கூட்டு' உண்டு. ஒரு தமிழ்ச் சொல் இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறி நிற்பது தடைசெய்யப்பட்ட பொருளாக. எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் கூட்டு நடக்கிறது என்று எழுதமாட்டேன். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் ஏமாற்றவில்லை.

அதற்காக 'நம்ம ஆள்' எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. மோசடிப் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்குகளை இங்கே 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள், கழுதைக் கணக்கு. தன் அட்டையையும் ரகசிய எண்ணையும் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்கு விடுகிற பையன்தான் கழுதை. இதற்கென்றே 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சந்தேகம் வந்தால் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்க 'செமாக் மியூல்' என்று போலிஸே ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க 997 என்ற எண்ணும் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அந்த எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு குடுத்த நம்பர்?" என்றார்.

பாடம் நன்றாகவே ஏறியிருந்தது. அடுத்த மாதம் டெங்கிச் சோதனைக்குச் சுகாதார ஊழியர் ஒருவர் வந்தார். பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தை பூட்டைத் திறக்கவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னார். ஊழியர் கம்பி வழியாகக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, படத்தில் முடி நிறைய இருக்கிறதே என்றார். வெயிலில் நின்ற அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிக்கொண்டு, "மக்சிக் (பெரியம்மா) கேட்பது சரிதான்" என்று சொல்லி, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உண்மையான ஆள். தொட்டித் தட்டை நானே போய்க் கவிழ்த்தேன். புழு இருந்தது.

2018 மே மாதம், 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதி கொள்ளைபோன விவகாரத்தில் நாறிப்போன அரசை மக்கள் வீட்டுக்கு அனுப்பியபோது நான் இங்கே இருந்தேன். ஓட்டு எனக்கில்லை, வேடிக்கை பார்த்தேன். நாட்டுக் கடனை அடைக்க என்று புது அரசு ஒரு நிதி திறந்ததும், கொள்ளை போனவர்களே வரிசையில் நின்று சுமார் 20 கோடி வெள்ளி போட்டார்கள். தலைமுறையாக ஏமாந்த ஜனங்களுக்கு நம்புவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் எத்தனை அவசரம்! அத்தைகூட ஐம்பது வெள்ளி கொடுத்தனுப்பினார். அந்த அரசு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, 2025 ஆகஸ்ட் 31இலிருந்து பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் ஐசி வழியாக 100 வெள்ளி, அரிசி எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தபோது அத்தை அசையவில்லை. "சும்மா எவன் குடுப்பான்?" போலிச் சுட்டிகளை அழுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்ததால் அவருக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் போய் வாங்கிவந்து, எதிர்வீட்டுச் சீனப் பாட்டியும் வாங்கிவந்து, இரண்டு வீட்டு அரிசிப் பையையும் கண்ணால் பார்த்த பிறகு, தீபாவளிக்கு முந்தின வாரம் கிளம்பினார். சிவப்பு ஐசிக்காரி நான் துணைக்கு.

கல்லாவில் இருந்த பெண் அட்டையைக் கேட்டாள். அத்தை கொடுக்கவில்லை, தானே கருவிக்குள் செருகி, அது எடுக்கும் நேரம் முழுக்க நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடுங்கள் என்றாள் அந்தப் பெண். விடவில்லை. ஒரு வழியாகத் தாள் வந்தது. அரிசி, எண்ணெய், பால்மாவு, மீதி இவ்வளவு.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரசீதை நான்காக மடித்து, பழைய பிஸ்கட் டின்னில், தாத்தா காலத்துத் தோட்டச் சம்பளச் சீட்டுகளுக்கு மேலே வைத்தார்.

"எதுக்கு அத்தை?"

"பின்னாடி கேப்பாங்கம்மா."