பூவும் புரையும்

கண்ணொளி மறைவதைக் குறிக்கத் தமிழ்மக்கள் வழங்கிவந்த சொற்களுள் இரண்டு தனித்து நோக்கத்தக்கவை. கண்மணிக்குப் பின்னால் உள்ளே அமைந்திருக்கும் வில்லை மங்கி நரைத்துப்போவதைப் ‘புரை’ என்றனர். கண்ணின் முகப்பிலே தெளிந்த கண்ணாடிபோல் அமைந்த விழிவெண்படலம் புண்பட்டு வெண்தழும்பு கொள்வதைப் ‘பூ விழுதல்’ என்றனர். கண்ணின் உள்ளமைப்பைக் காட்டும் கருவிகள் எவையும் இல்லாத காலத்திலேயே இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்றாகும். மாத்தளை மாவட்டத்திலே, இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் மூதாட்டி ஒருத்தி இவ்விரண்டையும் தன் இரு கண்களில் ஒருங்கே சுமந்தாள். வலக்கண்ணிற் புரை, இடக்கண்ணிற் பூ. கடந்த முந்நூறு ஆண்டுகளின் கண் மருத்துவ வரலாறு முழுவதையும் அந்த இரு கண்களையும் வைத்தே சொல்லிவிடலாம்.

இடக்கண்ணிற் பூ விழுந்தபோது அவளுக்கு முப்பது வயது நிரம்பியிருக்கவில்லை. தீபாவளிக்கு முன்னர் லயத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது தோட்டத்து வழமை. மாத்தளைப் பகுதியிலே சுண்ணாம்புக் கல்லும் சூளையும் உண்டு. ஆதலால் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. நீற்றுவதற்காகத் தகரப்பீப்பாயில் நீரூற்றியபோது கொதித்துத் தெறித்த சுண்ணாம்பு அவள் கண்ணில் விழுந்தது. ஓடிவந்தவர்கள் தாய்ப்பால் பீய்ச்சினர், விளக்கெண்ணெய் விட்டனர். அன்பினாற் செய்தவையே எனினும் அவை பயன்தரவில்லை. அவ்வேளையிற் செய்யவேண்டியது ஒன்றே: இமையைத் திறந்து பிடித்து, நல்ல நீரை அரைமணி நேரமாவது விடாது ஊற்றிக் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு விரைதல். அமிலம் பட்ட இடத்திற் புரதம் உறைந்து, அது மேலும் ஊடுருவுவதை ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு போன்ற காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உட்செல்லும். இதனைச் சொல்வார் அந்த லயத்தில் எவருமிலர். சில வாரங்களிற் புண் ஆறிற்று. ஆறிய இடத்திலே வெள்ளைப் பூ நிலைத்துவிட்டது.

எஞ்சிய ஒற்றைக் கண்ணோடு அவள் மேலும் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தாள். கொழுந்து பறித்தல் பார்ப்போருக்குக் கைத்தொழிலாகத் தோன்றினும் உண்மையில் அது கண்ணின் தொழிலுமாகும். தளிரையும் முற்றலையும் பிரித்தறியும் நிதானம் கண்ணிலேதான் இருக்கின்றது. வலக்கண்ணிற் புரை படரத் தொடங்கியதும் கூடையில் முற்றல் இலை கலந்தது; நிறை குறைந்தது; கணக்கப்பிள்ளையின் பதிவிலே முழுப்பேர் அரைப்பேராயிற்று. ‘பேர்’ என்பது தோட்டத்து வழக்கில் ஒருநாள் உழைப்பின் கணக்கு. பார்வை மங்குவதை அவள் ஒருவரிடமும் கூறவில்லை. கூறினால் அந்த அரைப்பேரும் போய்விடும் என்று அஞ்சினாள். மாத்தளை முத்துமாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். வேலையிலிருந்து ஓய்ந்தபின் காம்பரா வாசலிற் குந்தியிருந்து, மகள் பிரட்டுக்குப் போகும் காலடியோசையையும் திரும்பிவரும் காலடியோசையையும் கொண்டு பொழுதை அறிந்துவந்தாள். வயது போனாற் கண் மங்கத்தான் செய்யும் என்பது லயத்தாரின் ஒருமித்த தீர்ப்பு.

அத்தீர்ப்பு பிழையானது என்பதை உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தது. நரைத்த வில்லையை ஊசியினாற் கண்ணுக்குள்ளேயே தாழத் தள்ளிவிடும் முறை சுசுருதரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூலிலே கூறப்பட்டுள்ளது. 1747இல் பிரான்சு நாட்டு வைத்தியர் ஜாக் டேவியல் வில்லையைக் கீறி வெளியே எடுத்தார். ஆயினும் வில்லை நீங்கிய கண்ணுக்கு வெளிச்சம் மீண்டதேயன்றிக் கூர்மை மீளவில்லை. அக்குறையை நிரப்பத் தடித்த மூக்குக்கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அதனூடாக நோக்குவோருக்குப் பொருள்கள் பெருத்தும் வளைந்தும் தோன்றும், படியிறங்குவதே பெரும்பாடாகும்.

இக்குறையைத் தீர்த்தவர் இலண்டன் வைத்தியர் ஹரல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப்போரிலே போர்விமானங்களின் மேல்மூடி நொறுங்கி, ‘பெர்ஸ்பெக்ஸ்’ எனப்படும் பிளாஸ்ரிக் துணுக்குகள் விமானிகளின் கண்களுக்குள் புகுந்தன. பிற அந்நியப் பொருள்கள் புகுந்தால் சிவந்து சீறும் கண், இத்துணுக்குகளை மட்டும் அமைதியாக ஏற்றுக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்ரிக்கில் ஒரு வில்லையைச் செய்வித்து, 1949 நவம்பர் 29ஆம் நாள் சென். தோமஸ் வைத்தியசாலையில் நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். துறைசார்ந்த பெரியோர் பலர் வெகுண்டெழுந்தனர். கண்ணுக்குள்ளிருந்து வேண்டாததை எடுப்பதன்றி, உள்ளே ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது வைத்தியமாகுமா என்று வினவினர். பல ஆண்டுகள் அவர் தூற்றப்பட்டார். அவருக்குச் ‘சேர்’ பட்டம் கிடைத்தது 2000ஆம் ஆண்டிலே. மறு ஆண்டில் அவர் காலமானார்.

எனினும் இலண்டனிற் பிறந்த வில்லை ஏழையின் கண்ணை எட்டுவதற்கு விலை என்னும் மலை குறுக்கே நின்றது. அம்மலையைத் தகர்த்தவர்களுள் தலையாயவர் ஒரு தமிழர். 1918இல் எட்டயபுரத்துக்கு அண்மையிலுள்ள வடமலாபுரத்திற் பிறந்த கோ. வெங்கடசாமி, இளமையிலேயே முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போனவர். அவ்விரல்களாலேயே சத்திரக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரமாயிரம் புரைகளை அகற்றினார். அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்ற 1976ஆம் ஆண்டில், பதினொரு கட்டில்களோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்போரிடம் பெற்றதைக் கொண்டு கொடுக்க இயலாதோருக்கும் அதே வைத்தியத்தைச் செய்வது அதன் நெறி. 1992இல் அந்நிறுவனம் ஓரோலாப் என்ற தொழிற்சாலையை அமைத்தது. அக்காலத்தில் ஏறத்தாழ நூறு டொலருக்கு விற்ற வில்லையைப் பத்து டொலர் அளவில் அது செய்துகாட்டிற்று. பின்னர் விலை இன்னும் குறைந்தது. ரிட்லி வில்லையைக் கண்டுபிடித்தாரெனின், வில்லையின் மலிவைக் கண்டுபிடித்தவர் வெங்கடசாமி எனலாம். பின்னதும் கண்டுபிடிப்பே. 2006இல் அவர் மறைந்தபோது, அவர் நாட்டிய விதை பெருமரமாகியிருந்தது.

மாத்தளை மூதாட்டியின் வலக்கண்ணை அந்த வில்லை வந்தடைந்தது பேரனின் மூலமாக. மகளின் மகனாகிய அவன் பேராதனையிலே தமிழ் பயின்றவன். விடுமுறையில் வந்திருந்தபோது, சோற்றுக் கோப்பையை எடுக்க நீட்டிய அம்மாயியின் கை அடுப்புக்கல்லைத் தடவியதைக் கண்டான். மறுவாரமே இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கும், மாத்தளையிலிருந்து இருபத்தாறு கிலோமீற்றர் அப்பாலுள்ள கண்டிக்கும் பஸ் ஏற்றி அழைத்துச் சென்றான். அரசாங்க வைத்தியசாலையாதலின் வைத்தியத்துக்குப் பணமில்லை. வைத்தியர் சிங்களத்திற் கூறியவற்றைப் பேரன் தமிழிலே சொன்னான். சிறு கீறலொன்றினூடாகப் புரையை அகற்றி, வில்லையை வைத்தனர். சிறிய கீறலின் பெருமையை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன். பல்லைத் துப்புரவாக்கும் அதிர்வுக் கருவியைக் கண்டு, அதே அதிர்வினாற் புரையை நொறுக்கி உறிஞ்சும் வழியை 1967இல் அவர் வகுத்தார். கிழவியைப் பொறுத்தமட்டில் அது ஒரு காலைப்பொழுதின் அலுவலாகவே முடிந்தது.

மறுநாள் கட்டை அவிழ்த்தபோது அவள் முதலிற் கண்டது அருகே நின்ற மகளை. மகிழ்ச்சிக் குரலை எதிர்பார்த்திருந்தான் பேரன். அவளோ மகளின் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“என்னாம்மா இது, ஒனக்கும் தல நரைச்சிருச்சே!”

பத்து ஆண்டுகளாக ஒரே காம்பராவில் வாழ்ந்தும், மகள் முதுமையடைந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. காலடியோசைக்கு நரையில்லையல்லவா?

இனி இடக்கண். புரை நீங்கிய வெற்றியால் ஊக்கமுற்ற பேரன், பூவையும் நீக்க வழியுண்டோ என்று வைத்தியரிடம் கேட்டான். வழி உண்டு, அதன் வரலாறும் சுண்ணாம்பிலேயே தொடங்குகின்றது. அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒலமூச் நகரிலே, சுண்ணாம்பு தெறித்து இரு கண்களும் பழுதுற்ற கூலித்தொழிலாளி ஒருவர் எடுவார்ட் சிர்ம் என்ற வைத்தியரை நாடி வந்தார். காயமடைந்து அகற்றப்பட வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து தெளிந்த விழிவெண்படலத்தை எடுத்து, 1905 டிசெம்பர் 7ஆம் நாள் அவர் அத்தொழிலாளிக்குப் பொருத்தினார். ஒரு கண்ணில் அது தெளிவாகவே நிலைத்தது. மனிதருக்கு மனிதர் விழிவெண்படலத்தை மாற்றிப் பொருத்தியதில் முதல் வெற்றி அதுவே. அப்படலத்திலே இரத்தக்குழாய்கள் இல்லை; அதனாலேயே பிற உறுப்புகளைவிட இதனை உடல் எளிதில் ஏற்கின்றது. பின்னர் ஒடெசா நகரத்து விளாடிமிர் பிலாற்றோவ், இறந்தோரின் கண்களையே இதற்குப் பயன்படுத்தலாமென நிறுவினார்.

வில்லையைத் தொழிற்சாலையிற் செய்யலாம். இப்படலத்தை ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே பூவுக்கான மருந்தின் பாதி மருத்துவம், மறுபாதி ஈகை. அந்த ஈகையை இயக்கமாக்கியவர் இலங்கையின் ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவராயிருந்த 1958ஆம் ஆண்டிற் பத்திரிகைக் கட்டுரை வாயிலாகக் கண்தானம் வேண்டினார். 1960இல் அவரது தாயார் மறைந்தபோது அவ்வம்மையாரின் கண்களே பிறருக்குப் பொருத்தப்பட்டன. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றிற்று. 1964இல் முதன்முதலாக வெளிநாட்டுக்கு, சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பனிக்கட்டியிட்ட வெந்நீர்க்குடுவையே அவற்றைச் சுமந்த பேழை. எடுத்த படலத்தைச் சில நாட்கள் காக்கவல்ல திரவத்தை மக்கேரியும் கோஃப்மனும் 1974இல் உருவாக்கியபின் இப்பணி மேலும் எளிதாயிற்று. 1999இல் ஹட்சன் சில்வா மறைந்த பின்னரும் பணி தொடர்ந்தது. இன்றுவரை 60,000க்கும் மேற்பட்ட விழிவெண்படலங்கள் 50க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றுள்ளன. பார்வையற்ற அந்தணனுக்குத் தன் கண்களை ஈந்த சிவி மன்னனின் சாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்த மக்கள் இதற்கு மனமுவந்து முன்வந்தனர். இறைவனின் கண்ணிற் குருதி கண்டு தன் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரைப் போற்றும் தமிழருக்கும் இச்சிந்தை புதியதன்று.

வைத்தியர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். சுண்ணாம்பு சுட்ட கண்ணிற் பொருத்துதல் ஏனைய கண்களைப்போல் எளிதன்று. படலத்தைப் புதுப்பிக்கும் ஓரக் கலங்களும் அழிந்திருக்கக்கூடும். பொருத்தினாலும் தையல்கள் ஓராண்டுக்கு மேல் இருக்கலாம். சொட்டு மருந்து நீண்டகாலம் விடவேண்டும். உடல் அதனை மறுக்கின்றதா என்று அடிக்கடி வந்து காட்டவேண்டும். முயலலாம் என்பதே அவர் முடிபு. பேரன் அனைத்தையும் அம்மாயிக்குச் சொன்னான். அவள் சிறிதும் தயங்கவில்லை.

“ஒரு கண்ணு போதும் ராசா. அந்தக் கண்ண யாராச்சும் சின்னப் புள்ளைக்கு வைக்கச் சொல்லு.”

“அம்மாயி, அது இனாமாத்தான் கெடைக்குது. ஏன் வேணாங்குறீங்க?”

“கண்ணு இனாம்தான். உங்கம்மா பேரு இனாமா? ஒருதரம் கண்டிக்கு வந்தா அவளுக்கு ஒரு பேரு போயிருதே.”

பேரனுக்குச் சினம் வந்தது. பின்னர் வெட்கம் வந்தது. சின்னப் பிள்ளைக்கென அவள் விட்டுக்கொடுத்தது ஈகையா, மகளின் ஒருநாட் கூலியை நினைந்த கணக்கா என்பதை அவனாற் பிரித்தறிய இயலவில்லை. அவள் அறிந்திருந்தாளோ என்பதும் ஐயமே. இலண்டனிலிருந்து மதுரைக்கும், ஒலமூச்சிலிருந்து கொழும்புக்கும் வந்துசேர்ந்த கண்டுபிடிப்புகள், கண்டியிலிருந்து இரத்தோட்டைக்கு ஏறும் பாதையிலே மூச்சுவாங்கி நின்றன. விலை குறைந்தது; கொடுப்போர் பெருகினர்; அறிவும் கைவந்தது. ஒருநாட் கூலியை இழக்காமல் வைத்தியரைக் காணும் வழி மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டி வேண்டுவதில்லை. லயத்து வாசலுக்கு வரும் கண் வைத்தியமே போதும். ரிட்லியின் பணியும் சில்வாவின் பணியும் அங்கேதான் முற்றுப்பெறும்.

ஊர் திரும்பிய சில நாட்களின் பின் அவளே பேச்சைத் தொடங்கினாள். விழிவெண்படலம் என்பதைப் பேரன் அவளுக்கு ‘கண்ணுக்கு முன்னால இருக்குற கண்ணாடி’ என்று பெயர்த்திருந்தான்.

“அப்ப, என் சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணாடி நல்லாத்தானே இருக்கு? நான் போனப்புறம் எடுத்துக்கிடச் சொல்லு.”

வில்லை மாற்றிய கண்ணும் தானத்துக்குத் தடையன்று. ஏற்புடையதா என்பதைப் பின்னர் பரிசோதித்து முடிவு செய்வர். ஆனால் உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். தோட்டமோ மலையுச்சியில், பேரனோ தொலைவில். ஆதலால் அவன் படிவத்தை நிரப்பியதோடு நின்றுவிடவில்லை. உடனே அறிவிக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தை, வாசலுக்கு நேரே, எல்லோர் கண்ணிலும் படும்படி, அடுப்புக்கரியினாற் பெரிதாக எழுதிவைத்தான். தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு பூசப்படும் அதே சுவரிலே எழுதினான். அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது அவன் தாய் அவ்விலக்கத்தைச் சுற்றிப் பூசினாள், அதன்மீது பூசவில்லை.