லியோனிலிருந்து திஜோன் வரை: ஒரு திராட்சைக்காரனின் பயணத் திட்டம்

சுருளிப்பட்டிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வைன் குடித்த பழக்கம் எனக்கு இல்லை. இருந்தும் ஆறு மாதமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பிரான்ஸ் நாட்டு வரைபடத்தை விரித்து, வைன் செய்கிற ஊர்களாகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. "மாமா தோட்டம் பார்க்கப் போறாரா, சரக்குப் பார்க்கப் போறாரா?" என்று ஒருவன் கேட்க, கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மகள் லியோன் நகரத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் பத்து நாள் வந்துட்டுப் போங்க. இங்கிருந்து வடக்கே திஜோன் வரைக்கும் வழி நெடுக திராட்சைதான். எல்லாம் உங்களை மாதிரி சின்னச் சம்சாரிங்க" என்றாள். கடைசி வார்த்தைதான் என்னை இழுத்தது.

லியோனுக்கும் திஜோனுக்கும் சுமார் 200 கிலோமீட்டர். நேர் ரயிலில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரு வாரமாக நீட்டுவதுதான் எங்கள் திட்டம். முதலில் போஜொலே பகுதி. அங்கே கமே என்ற ரகம். பெரும்பாலும் குலை குலையாகக் கையால்தான் அறுக்கிறார்கள். இந்தக் கமே ரகத்துக்கு ஒரு கதை உண்டு. நிறையக் காய்க்கும், ஆனால் தரம் இல்லை என்று சொல்லி, 1395இல் பர்கண்டி பிரபு ஒருவர் அதைத் தன் நாட்டில் பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே போஜொலே மண்ணில் அது தங்கிப் பிழைத்துக்கொண்டது. ஓர் இடத்தில் வேண்டாம் என்ற ரகம் இன்னோர் இடத்தில் சோறு போடுகிறது.

அடுத்து மூன்று இரவு தங்கப்போகும் ஊரின் பெயரே போன். அங்கே 1443இல் ஏழைகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி இன்னும் நிற்கிறது. பலர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். அந்தத் தோட்டத்து வைனை 1859 முதல் ஏலம் விட்டு, வருமானத்தில் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். போனிலிருந்து பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்தே போகலாம். தெற்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் சைக்கிள் பாதையும் இருக்கிறது. கடைசியில் திஜோன்.

எந்த மாதம் போவது என்பதில்தான் நாள் போயிற்று. செப்டம்பரில் அறுவடை. அறுவடை நேரத்தில் வருகிற விருந்தாளியை எந்தச் சம்சாரிக்குப் பிடிக்கும்? நவம்பர் மூன்றாவது ஞாயிறு ஆஸ்பத்திரி ஏலம். ஆனால் குளிர், இலையும் கொட்டியிருக்கும். ஏப்ரலில் துளிர் வரும். அப்போதுதான் உறைபனியும் வரும். 2021 ஏப்ரலில் பனி விழுந்து பிரான்ஸ் முழுக்கத் துளிர் கருகியது. இரவில் வரிசைக்கு வரிசை பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றி வைத்துக் காவல் காப்பார்கள். ஜூனில் பூ. பூ எடுத்த நூறாவது நாள் அறுவடை என்பது அவர்கள் கணக்கு. கொடியில் பூ இருக்கும்போது போனால் பேசவும் விஷயம் இருக்கும் என்று ஜூனை முடிவு செய்தோம்.

நம் கொடிக்கும் அவர்கள் கொடிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்கும். வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. நமக்குக் கொடி தூங்குவதில்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும், அதனால்தான் வருடம் முழுக்கப் பழம் வெட்டுகிறோம். என் பந்தலில் ஏக்கருக்குச் சுமார் 670 கொடி. அங்கே போனுக்கும் திஜோனுக்கும் நடுவில் மீட்டருக்கு ஒரு கொடி, ஏக்கருக்கு 4,000. பந்தல் கிடையாது, இடுப்பு உயரக் கம்பிதான். எனக்கு ஏக்கருக்கு வருடம் 10 டன்னுக்குக் குறைந்தால் தூக்கம் வராது. அங்கே ஜெவ்ரே என்ற ஊரின் பெயரைப் போட்டு விற்க வேண்டுமானால் எக்டேருக்குச் சுமார் 4,000 லிட்டர்தான் எடுக்கலாம் என்று சட்டம். பழத்தில் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு இரண்டு டன் சொச்சம். அதற்கு மேல் எடுத்தால் ஊர்ப் பெயரைப் போட முடியாது.

குறைத்து எடுத்து வாழ முடிகிறது என்றால், அந்தப் பெயருக்கு விலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஜெவ்ரே ஊர்க்காரர்கள் 1847இல் தங்கள் எல்லையிலுள்ள ஷாம்பெர்தான் என்ற பேர்பெற்ற தோட்டத்தின் பெயரையும் ஊர்ப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் என் தோட்டத்திலிருந்து போகும் பெட்டியில் இன்றும் வியாபாரியின் மார்க்குதான் இருக்கிறது. பெயரை வாங்கிவிட்டோம், இன்னும் பெட்டியில் ஒட்டவில்லை. "ஊர்ப் பெயரைக் காப்பாற்ற உங்களுக்குள் யார் யாரைக் கேள்வி கேட்பது?" என்பதுதான் என் நோட்டில் முதல் கேள்வி.

திட்டத்தில் என் மனதை அசைத்த இடம் வூஜோ. போனுக்கும் திஜோனுக்கும் நடுவில், சுற்றிலும் கல் மதில் கட்டிய ஒரு தோட்டம். சுமார் 125 ஏக்கர். 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கி, நூற்றாண்டுக்கணக்கில் வளர்த்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திலிருந்து பறிபோய், 1889இல் விற்கப்பட்டு, பங்கு பங்காகப் பிரிந்தது. இன்று மதிலுக்குள் ஏறத்தாழ 80 பேர். சராசரி போட்டால் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர்தான். பிள்ளைகளுக்குச் சமபங்கு என்பது 1804 முதல் அவர்கள் சட்டம். ஆளாளுக்குத் தனி வரிசை, தனி வைன். ஆனால் மதில் ஒன்று, பெயர் ஒன்று.

இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பா விட்டுப்போனது நாலு ஏக்கர். எனக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, கிணறு பொது. போன வருடம் மோட்டார் ரிப்பேர் செலவில் வாய்த் தகராறு வந்து, பதினாலு மாதமாகப் பேச்சு இல்லை. பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கப்போகிறான் என்று அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விசாவுக்குச் சிட்டா, அடங்கல், பேங்க் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் தயார் செய்துவிட்டேன். அப்போதுதான் வீட்டுக்காரி கேட்டாள்: "மே கடைசியில கவாத்து. ஜூன்ல சாரல் பிடிக்கும். அடிச்சாம்பல் வந்தா பத்து நாள்ல தோட்டமே போயிரும். யாரு பார்ப்பா?"

கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, இன்றைக்கு மருந்தா நாளைக்கா என்று முடிவு செய்யக் கூலி ஆளால் முடியாது. பர்கண்டி ஊர்களில் திராட்சைக்காரர்களுக்குள் உதவிச் சங்கங்கள் உண்டு. ஒருவன் நோயில் விழுந்தால் மற்றவர்கள் சேர்ந்து அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொடுப்பார்கள். அதற்காகவே ஜனவரியில் வின்சென்ட் என்ற புனிதருக்கு விழா எடுக்கிறார்கள். இதை நோட்டில் எழுதி வைத்திருந்த எனக்கு வரப்பைத் தாண்டத்தான் கால் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை தாண்டினேன். தம்பி சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமல், "வெளிநாடு போறீகளாம்ல" என்றான்.

"ஆமா. ஜூன்ல பத்து நாள். நீதான் தோட்டத்தைப் பார்த்துக்கணும்."

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தான். "எத்தனாம் தேதி கவாத்து?"

சொன்னேன். "என்ன மருந்து வச்சிருக்கீக?" அதையும் சொன்னேன். "சரி, போயிட்டு வாங்க. வந்து மோட்டார் கணக்கைப் பேசுவோம்" என்றான்.

தென்னையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவன் பந்தல் நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

என்னைப் போல் பிள்ளைகள் அழைத்துப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தோட்டங்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பல இடங்களில் கதவு திறக்காது. ருசி பார்த்த வைனைத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு இல்லை. குடிக்காதவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடியையும் மண்ணையும் கேட்கலாம். கேட்காமல் வரிசைக்குள் இறங்கக் கூடாது. அது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

டீக்கடைத் தம்பிக்கும் பதில் வைத்திருக்கிறேன். சரக்குப் பார்க்கப் போகவில்லை. ஒரே மதிலுக்குள் 80 பேர் எப்படிக் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்று கேட்டு வரப் போகிறேன்.