மழை ராத்திரியும் ஒரு சட்டித் தணலும்

"வேனிலேயே குடும்பம் நடத்திட்டு வந்தீங்களாமே?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. உண்மைதான். போன வருஷம் காலாண்டுப் பரீட்சை லீவில் கொல்லிமலைக்குப் போய், வேனையே வீடாக்கிக்கொண்டு தங்கினோம். ஊர் சுற்றின பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே நான் செய்த ஒரு தப்பை வேறு எந்தத் தாயும் செய்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவர். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு இருக்கிற பேர் உங்களுக்கே தெரியும். இடுப்பு வலி வந்து லாரியை விட்ட பிறகு, ஒரு பழைய வேனை வாங்கித் தெரிந்த பட்டறையில் கொடுத்தார். பின்பக்கத்து சீட்டுகளை எடுத்துவிட்டுப் பலகைக் கட்டில், கீழே சாமான் பெட்டி, பக்கவாட்டில் இழுத்துக் கட்டத் தார்ப்பாய் என்று செய்து, ஆர்.டி.ஓ. ஆபீசிலும் முறைப்படி எழுதி வாங்கினார். கேரளாவில் 2021-ல் அரசாங்கமே 'கேரவன் சுற்றுலா' என்று கொண்டு வந்ததைப் பேப்பரில் படித்ததில் இருந்து அவருக்கு இந்த ஆசை.

"எனக்கென்ன புதுசா? பாதி ஆயுசு நான் வண்டியிலதான் குடும்பம் நடத்தினேன். நீங்களும் ரெண்டு நாள் இருந்து பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான், அவர், என் மாமியார், மகள், எட்டு மாதப் பேத்தி, பத்தாவது படிக்கும் மகன் என்று ஆறு பேர் கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பையன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பதாவது வளைவில் மேகம் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. ஐம்பதில் மழை பிடித்துக்கொண்டது.

அறப்பளீஸ்வரர் கோயிலில் தரிசனம் ஆயிற்று. ஆனால் ஆகாய கங்கை அருவிக்குப் போக முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். தண்ணீர் அதிகமாக வந்ததால் வழியை அடைத்துவிட்டார்கள். பையன் முகம் தொங்கிப்போனது.

அவருக்கு லாரி காலத்தில் பழக்கமான, மிளகும் காப்பியும் விளைவிக்கிற மலைவாசிக் குடும்பம் ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது. அவர்கள் வீட்டுக் களத்து மேட்டில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பாட்டி சாமைச் சோறும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து கொடுத்தார். "மழையில வந்திருக்கீங்க. பிள்ளையைப் பத்திரமாப் பார்த்துக்கம்மா" என்று பேத்தியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

முதல் ராத்திரி நன்றாகவே கழிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே கேஸ் அடுப்பை வைத்துச் சுக்கு மல்லிக் காப்பி போட்டேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்கக் கொடுத்தேன். மாற்றுத் துணிகளைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தது எவ்வளவு நல்லதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டிக் கூரை மேல் மழை விழுகிற சத்தத்தில் எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினோம்.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போதே மழை வலுத்துவிட்டது. ஊதக் காற்று வேறு. குழந்தைக்கு மூக்கடைப்பு, சிணுங்கிக்கொண்டே இருந்தது. மகள் பயந்துபோனாள். "பிரசவ அறையில தணல் வெச்சுத்தானே நாம பிள்ளைகளைக் காப்பாத்தினோம்? கொஞ்சம் அனல் காட்டு கண்ணு" என்றார் மாமியார். சாம்பிராணி போடுவதற்காகச் சின்னக் கரி அடுப்பு ஒன்றும் கொண்டு போயிருந்தோம்.

நான் கவனமாகத்தான் செய்தேன், இதைக் கேளுங்கள். கரியை வெளியே வைத்துப் பற்றவைத்து, புகையெல்லாம் அடங்கிச் செக்கச் செவேலென்று தணலான பிறகுதான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். புகை இல்லாவிட்டால் கெடுதல் இல்லை என்பதுதானே நம் எண்ணம்? சாரல் அடிக்கிறதென்று கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டேன். கதவையும் சாத்தினேன். அவர் பாட்டி வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே இதமாக இருந்தது. குழந்தை சிணுங்கலை நிறுத்தியது. 'அப்பாடா, தூங்குகிறது' என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மகள், "அம்மா, தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது" என்றாள். மழையில் நனைந்ததால் இருக்கும் என்றேன். பையன் குமட்டுகிறது என்றான். சாப்பிட்டது சேரவில்லையோ என்று நினைத்தேன். எனக்கும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, கால் எழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டார்ச் லைட் எடுக்க அவர் வந்து கதவைத் திறந்தார். "ஏம்புள்ள, உனக்குப் புத்தி இருக்குதா?" என்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. முதலில் குழந்தையை அள்ளி வெளியே கொடுத்தார். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகக் கொட்டுகிற மழையில் இழுத்து நிறுத்தினார். அடுப்பு வெளியே பறந்தது. குழந்தை துவண்டு கிடந்தது. மழைத்துளி முகத்தில் பட்டும் அழவில்லை. மாமியார் கும்பிட்ட கையோடு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் நான் ஒரு யுகம் வாழ்ந்துவிட்டேன். பிறகு வீறிட்டு அழுதது பாருங்கள்... பெற்ற பிள்ளைகளின் முதல் அழுகை கூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, அந்த மழையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாட்டியின் மகன் முன்னால் உட்கார்ந்து டார்ச் அடித்து வழி காட்டினார். டாக்டர் குழந்தைக்கும் மகளுக்கும் ஆக்சிஜன் வைத்து, விடியும் வரை எங்கள் எல்லோரையும் பார்வையில் வைத்திருந்தார். அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

கரி, விறகு, கேஸ், பெட்ரோல் எதுவானாலும் போதுமான காற்று இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை நின்ற தணலில் இருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக அது ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விடுகிறோம்; ஆனால் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேர்வதில்லை. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைச் சீக்கிரம் தாக்கும். குழந்தை தூங்குகிறது என்று நான் நிம்மதிப்பட்டேனே, அதுதான் ஆபத்தின் அறிகுறி!

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, தூக்கம் - இவை ஒரே அறையில் இருக்கும் பல பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். தெளிந்துவிட்டது என்று இருந்துவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வண்டியோ கூடாரமோ, உள்ளே அடுப்பும் தணலும் கூடவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. நிறுத்திய வண்டியில் ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் ஆபத்து. வீட்டிலும் இதே கதைதான். பிரசவித்த பெண் படுத்திருக்கும் அறையைச் சாத்திவிட்டுத் தணல் வைப்பது, காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போடுவது, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவது எல்லாமே இதே விஷத்தைக் கொண்டு வரும். குளிருக்குக் கம்பளியும் குல்லாயும் தாயின் மடிச் சூடும் போதும்.

அன்று விடியற்காலை ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "உங்களுக்கு மட்டும் எப்படிங்க உடனே தெரிஞ்சுது?" என்று கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். ஒரு மார்கழியில் வடக்கே லோடு இறக்கக் காத்துக் கிடந்தார்களாம். பக்கத்து லாரிக்காரரும் கிளீனர் பையனும் குளிர் தாங்காமல் தகரத்தில் தணலைப் போட்டுக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்களாம். காலையில் டீ வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினவர் இவர்தான்.

"ஏனுங்க, எங்கிட்டே இதைச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ என்னை மறுபடி வண்டி ஏற விடுவியா?"

அவர் ஒவ்வொரு முறை வீடு திரும்பியபோதும் நான் வரவு செலவைத்தான் கேட்டிருக்கிறேன். எங்கே படுத்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் நான் பயப்படுவேன் என்று எதையும் சொன்னதில்லை. அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால் நான் தணலைத் தொட்டிருப்பேனா?

குழந்தை இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். கரி அடுப்பு வாசலில் கிடக்கிறது, சாம்பிராணியும் வாசலில்தான். அருவியைப் பார்க்கவில்லையே என்று பையன் நச்சரிப்பதால் மறுபடியும் போகத்தான் போகிறோம். இந்தத் தடவை கண்ணாடி இறங்கியே இருக்கும். சாரல் அடித்தால் அடிக்கட்டும், துணிதானே நனையும்! துவட்டிக்கொள்ளலாம்.