பல்கலைக்கழக எல்லையும் பிள்ளைகளின் ஆட்டமும்

நம் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரியப்போகிறது என்றால், பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கும், தேர்வுக் கட்டணம் கூடுமா, துணைவேந்தரை நியமிப்பவர் யார் என்றெல்லாம் செய்தித்தாள்கள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. ஆடுகளத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் காணோம். மாலை நான்கு மணிக்குமேல் கல்லூரித் திடலில் வியர்வை சிந்தும் பிள்ளைகளின் பெற்றோருக்கோ அந்த ஒரு வரிதான் வேண்டியிருக்கிறது. எம்மைப் போன்ற குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உண்டு என்பதனால் இதனை எழுதத் துணிந்தோம்.

2025 ஏப்ரல் மாத இறுதியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கலைஞர் பல்கலைக்கழகம் நிறுவுவதற்கான சட்டமுன்வடிவைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எட்டு மாவட்டங்களில் அரியலூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருவாரூர் ஆகிய நான்கும் புதியதற்குச் செல்லும். திருச்சிராப்பள்ளி, கரூர், பெரம்பலூர், புதுக்கோட்டை ஆகிய நான்கும் பழையதிலேயே நிற்கும் என்பது ஏற்பாடு. ஆளுநர் அதற்கு ஒப்புதல் வழங்காமல் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கினார். மாநில அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. அந்த வழக்கின் நுணுக்கங்களுக்குள் நாம் புகப்போவதில்லை. சரிபாதியாகப் பிரியும் இந்த எட்டு மாவட்டங்களில், எம் குடும்பமும் அவ்வாறே பிரிந்திருக்கிறது என்பதே எம் கவலை.

நாம் திருவரங்கத்தில் குடியிருப்பவர்கள். எம் மகள் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சி நகரக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். எம் தம்பி கும்பகோணத்தில் இருக்கிறான்; அவன் மகள் அவ்வூர்ப் பக்கத்துக் கல்லூரியில் படிக்கிறாள். அக்கா தங்கை இருவருமே கைப்பந்து ஆடுபவர்கள். அதிலும் இருவருக்கும் ஒரே இடம்: வலையருகே நின்று, அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டர் இடம். ஒரு பல்கலைக்கழக அணியில் பன்னிருவர் இருப்பர்; அவர்களில் செட்டர்கள் பெரும்பாலும் இருவரே. சென்ற ஆண்டுத் தேர்வு முகாமில் பெரியவளுக்கு இடம் கிடைத்தது. சிறியவள் மூன்றாவதாக நின்று ஊர் திரும்பினாள்.

இந்த இடத்திற்கு ஏன் இவ்வளவு போட்டி என்று வினவும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் கூறல் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் முதலில் தமக்குள் மோதுகின்றன. அங்கே திறமை காட்டியவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்கிறது. 1925-இல் பிறந்து, 1973-இல் இப்பெயர் கொண்ட சங்கம் இது. தென்மண்டலத்தில் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளே அனைத்திந்தியப் போட்டியில் கால் வைக்க இயலும். பல்கலைக்கழகத்தின் சார்பில் இப்போட்டிகளில் ஆடியதற்கு ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டிற்கு 1980 முதல் உள்ள விதிகளில் அச்சான்றிதழ் ஒரு தகுதியாக எண்ணப்படுகிறது. இரயில்வே போன்ற துறைகள் இதற்குமேலும் கேட்கும் என்பது உண்மையே. எனினும் படியேறத் தொடங்குவதற்கு முதற்படி இதுதான். பொன்மலைப் பணிமனையில் மாமனோ சித்தப்பாவோ வேலை செய்யும் வீடுகளில் இந்தக் காகிதத்தின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிதாயினும், எத்தனை கல்லூரிகள் அதில் அடங்கினும், ஓர் ஆட்டத்திற்கு மகளிர் அணி ஒன்று, ஆடவர் அணி ஒன்று, அவ்வளவுதான். ஆகவே ஒரு பல்கலைக்கழகம் இரண்டானால் பன்னிரண்டு இடங்கள் இருபத்துநான்காகின்றன. தெருவில் ஓடும் சிறுபிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

இக்கணக்கு நம் ஊருக்குப் புதியதன்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்குக் குடிபெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1919-இல் எழுந்த தேசியக் கல்லூரி, 1923-இல் எழுந்த ஹோலி கிராஸ் கல்லூரி, 1951-இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியும், இவை யாவும் 1982 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் இருந்தவை. திருச்சி மாணவன் ஒருவன் பல்கலைக்கழகச் சட்டையை அணிய வேண்டுமெனில், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இலயோலா, மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றின் வீரர்களையும் விஞ்சியாக வேண்டும். 1982-இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தோன்றியபோது அந்தச் சுமை இறங்கிற்று. அதே வேளையில் சென்னையின் சிறந்த ஆட்டக்காரர்களோடு ஆண்டுதோறும் மோதும் வாய்ப்பும் இறங்கிற்று. நம் இயேசு சபைக் கல்லூரிகளையே எடுத்துக்கொள்வோமே. ஒரு காலத்தில் சென்னை இலயோலா, திருச்சி தூய வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார் மூன்றும் ஒரே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது, சவேரியார் பிரிந்தது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனாருக்கு அது மறுபடியும் மாறிற்று. இன்று மூன்றும் மூன்று அணிகள்.

பொறியியற் கல்லூரிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டுத் திருச்சிக்கென்று தனியே ஒன்று அமைந்தது. 2012-இல் அது மீண்டும் சென்னையோடு இணைக்கப்பட்டது. 2009-இல் சேர்ந்த மாணவன் முதல் மூன்று ஆண்டுகள் திருச்சி அணிக்கு முயன்று, கடைசி ஆண்டில் மாநிலம் முழுவதற்குமான அணிக்கு முயல வேண்டியவனானான். அவனை யாரும் கேட்கவில்லை. எம் திருவரங்கம் வட்டத்திலேயே, நாவலூர்குட்டப்பட்டில் உள்ள சட்டப் பல்கலைக்கழகம் தனக்கென ஓர் அணி அனுப்பலாம். பக்கத்தில் சேதுராப்பட்டியில் உள்ள அரசுப் பொறியியற் கல்லூரி மாணவனோ அண்ணா பல்கலைக்கழக அணியில் இடம் தேட வேண்டும். திருவானைக்கோவில் பக்கத்துக் கலைக்கல்லூரி மாணவனுக்குப் பாரதிதாசன். மூவரும் ஒரே பேருந்தில் ஏறிச் சத்திரம் நிலையத்தில் இறங்குபவர்கள்! தஞ்சைப் பக்கத்தில் 1984-இல் தொடங்கிய சண்முகா பொறியியற் கல்லூரி 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தனக்கென அணி அனுப்பும் உரிமையைப் பெற்றது. ஆக, சிலருக்கு வாயில் அகலம், சிலருக்கு ஊசிமுனை.

அமெரிக்க நாட்டில் இதே பிரச்சினை வேறு உருவில் நடக்கிறது. அங்கே கல்லூரிகள் அரசு வகுத்த எல்லைப்படி அன்றி, தாமே கூடிச் சங்கம் அமைத்துக்கொண்டு ஆடுகின்றன. யாரைச் சேர்ப்பது, யார் சேர்ந்தால் தொலைக்காட்சிப் பணம் பெருகும் என்று தராசில் இட்டு நிறுக்கிறார்கள். 1915-இல் வேர்கொண்ட பசிபிக் கடற்கரைச் சங்கத்தின் பன்னிரு கல்லூரிகளில் பத்து 2024-இல் வெளியேறிவிட்டன. மேற்குக் கடலோரத்து ஸ்டான்போர்டு, பெயரிலேயே அட்லாண்டிக் கடற்கரையைத் தாங்கிய சங்கத்தில் சேர்ந்தது. கன்னியாகுமரிக் கல்லூரி காசுமீரத்தோடு ஒவ்வொரு வாரமும் ஆடப் புறப்பட்டதைப் போன்றது இது. பணத்திற்காக மாணவர்களை இப்படி அலைக்கழிப்பது நமக்கு ஏற்புடைத்தன்று. ஆயினும் அங்கே நடந்த மற்றொரு பிரிவு நம் கருத்தைக் கவர்ந்தது. 2013-இல் பிக் ஈஸ்ட் என்னும் சங்கத்திலிருந்து ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக வெளியேறின: இயேசு சபையின் ஜார்ஜ்டவுன், மார்க்கெட், தோமினிக் சபையின் பிராவிடன்ஸ், அகுஸ்தினார் சபையின் வில்லனோவா, வின்சென்ட் சபையின் செயின்ட் ஜான்ஸ், டிபால், நூவர்க் உயர்மறைமாவட்டத்தின் சீட்டன் ஹால். பெரும் பணம் புரளும் அமெரிக்கக் கால்பந்தின் பின்னே ஓட விரும்பாது, கூடைப்பந்தையே தம் ஆட்டமாகக் கொண்டவை இவை. பழைய சங்கத்தின் பெயரையும் தம்மோடு கொண்டுசென்றன. புதியவர்களைச் சேர்க்க ஆராய்ந்தபோது இயேசு சபையின் சேவியர், கிரைட்டன் இரண்டையும், கத்தோலிக்கக் கல்லூரி அல்லாத பட்லரையும் அழைத்தன. சமயம் ஒன்றையே பார்க்கவில்லை; ஆட்டத்தின் தரத்தையும் பார்த்தனர். 2016-இலும் 2018-இலும் நாட்டின் வாகையர் பட்டத்தை வில்லனோவா வென்றது.

அவர்கள் நிறுத்துப் பார்த்துச் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். நம்மிடம் மாவட்டக் கோடுதான் நிறுக்கிறது. ஒரு கல்லூரியைப் பல்கலைக்கழகம் தன்னோடு இணைக்கும்போது கட்டடம், நூலகம், ஆய்வகம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றை ஆராய்கிறார்கள். திடலையும் அதே கண்டிப்போடு ஆராய வேண்டும் என்பது எம் கருத்து. வலை கட்டக் கம்பம் இல்லாத கல்லூரியும், உடற்கல்வி இயக்குநர் இல்லாத கல்லூரியும் எண்ணிக்கையைப் பெருக்குமேயன்றி ஆட்டத்தைப் பெருக்கா.

சட்டமுன்வடிவுச் செய்தி வந்த வாரம் தம்பி குடும்பத்தார் திருவரங்கம் வந்திருந்தனர். தம்பி மனைவிக்கு மகிழ்ச்சி அடங்கவில்லை. "இனிமேல் நம் பிள்ளைக்கு இடம் உறுதி, அண்ணா. சான்றிதழ் கையில் வந்துவிட்டால் ஒரு வேலைக்கு வழி பிறக்கும்" என்றார். அவர் கூற்றில் பிழை எதுவும் இல்லை. தம்பியின் வருவாய் எவ்வளவு என்பதை நாம் அறிவோம். ஆனால் சிறியவளின் முகம் வாடியிருந்தது. "பெரியப்பா, அக்காவைத் தாண்டி இடம் பிடித்தால்தான் நான் ஆடத் தெரிந்தவள். அக்காவை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தால் அது என்ன இடம்?" என்றாள். எம் மகள் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் தென்மண்டலத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்று என்னைத் தோற்கடித்துக் காட்டு" என்றாள். உள்ளே படுத்திருந்த எம் அன்னையார், "இருவரும் தோற்காமல் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் கண்டுபிடியுங்கள்" என்று குரல் கொடுத்தார்.

எம் உள்ளம் இரண்டு பக்கமும் சாய்கிறது. தஞ்சைத் தரணியின் உட்பகுதிகளிலிருந்து வரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் பன்னிரண்டு இடங்கள் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. லால்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் ஆசியச் சாதனை படைத்த நால்வருள் ஒருவரானார். அதே ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் நம் திருச்சியின் சுபா வெங்கடேசன் ஓடினார். இத்தகைய பிள்ளைகள் எந்தச் சிற்றூரில் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை யார் அறிவார்? வாயில்கள் பெருகினால் அவர்கள் புலப்படக்கூடும். ஆனால் வலுவான எதிரி இல்லாத களத்தில் ஆட்டம் மழுங்கும் என்பதையும் சிறியவள் சொல்லாமற் சொன்னாள்.

நம் மறைமாவட்டங்களும் பிரிந்து பிரிந்து வளர்ந்தவையே. 1886-இல் திருச்சி, 1899-இல் கும்பகோணம், 1938-இல் மதுரை, 1952-இல் தஞ்சை என எல்லைகள் மாறின. எனினும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கிறவன் எந்த எல்லையையும் பார்ப்பதில்லை.

பிரிவு வருமாயின், இரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கு ஒருமுறை எட்டு மாவட்டக் கல்லூரிகளையும் ஒரே திடலில் கூட்டி ஓர் அழைப்புப் போட்டி நடத்தலாம். திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது; தஞ்சையிலும் களம் உண்டு. அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. பழைய மாணவர் சங்கங்கள் மனம் வைத்தால் ஒரு சுழற்கோப்பைக்கு என்ன செலவாகிவிடும்? தம்பியும் நாமும் இதனைப் பற்றித் தெரிந்த உடற்கல்வி இயக்குநர்கள் சிலரிடம் பேசத் தொடங்கியிருக்கிறோம். முதற்போட்டியைக் கும்பகோணத்தில் வைக்க வேண்டும் என்கிறான் தம்பி. காவிரி முதலில் எங்கள் ஊரைத்தான் தொடுகிறது என்று நாம் சொல்லியிருக்கிறோம். அவன் இன்னும் இசையவில்லை.