1098-க்கு அழைத்த வாரம்

நவம்பர் 14, 2024, வியாழன்

குழந்தைகள் தினம். காலையில் பாட்டு, பேச்சுப் போட்டி, மிட்டாய். மதியம் ஹெச்.எம். மேடம் கூப்பிட்டு, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இனி ஆசிரியர் பிரதிநிதியாக நான் இருக்க வேண்டும் என்றார். இதுவரை இருந்த டீச்சர் மாறுதலில் போய்விட்டார். நாளையிலிருந்து 22 வரை விழிப்புணர்வு வாரம். உறுதிமொழி, ஓவியப் போட்டி, போட்டோ, அறிக்கை என்று ஒரு பட்டியலும் ஒரு ஃபைலும் கைக்கு வந்தன.

ராத்திரி ஃபைலைப் புரட்டினேன். 2021-இல் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் பாலியல் தொல்லைப் புகாரில் கைதான பிறகு அரசு கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள் அதில் இருக்கின்றன. இந்தக் குழு, புகார்ப் பெட்டி, ஆண்டுதோறும் இந்த வாரம், எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். மினிட்ஸ் நோட்டில் கூட்டத்துக்கு ஒரு வரி: ‘குழு கூடியது. புகார் ஏதும் இல்லை.’ கீழே கையெழுத்துகள். எழுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு புகாரும் இல்லை என்று படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

பிரேயரில் உறுதிமொழி எடுத்தோம். அதன் பிறகு புகார்ப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். ஹெச்.எம். அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறது. ஆபீசுக்கு வருகிற போகிற எல்லோரும் பார்க்கும் இடம். எந்தப் பிள்ளை அங்கே நின்று சீட்டைப் போடும்? பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று கேட்டால் கிளார்க் சாரைக் காட்டுகிறார்கள், அவர் பழைய ஹெச்.எம்.மைச் சொல்கிறார்.

நவம்பர் 17, ஞாயிறு

வெளியே விடாத மழை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைத் தமிழில் முழுதாகப் படித்தேன். 2012-இல், இதே நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம். 19, 21-ஆம் பிரிவுகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். நடக்கக்கூடும் என்று பயப்படக் காரணம் இருந்தாலும் சொல்ல வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது. நடந்தது உண்மையா என்று ஆசிரியர் விசாரித்து முடிவு கட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது போலீசின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை கேட்பது, உடனே சொல்வது.

ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டே இருந்தேன். என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஓர் ஆள் பள்ளிக்குள்ளேயே வந்து பிள்ளைகளைத் தங்கவைத்துப் பாலியல் கொடுமை செய்திருக்கிறான். அப்படி ஒரு முகாமுக்கு என்.சி.சி. அனுமதியே கிடையாது. ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை வாய்திறந்து சொன்ன பிறகும் மூடி மறைத்தார்கள் என்று பள்ளி முதல்வர் உள்ளிட்டவர்கள் கைதானார்கள். அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். கேட்டவர்கள்தான் கைவிட்டார்கள்.

நவம்பர் 18, திங்கள்

பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. வகுப்பையும் எழுதவில்லை.

காலையில் வகுப்புகளில் பேசினேன். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல், பிடிக்காவிட்டால் சத்தம் போட்டு விலகி ஓடுவது, நம்புகிற ஒருவரிடம் சொல்வது. ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம், அவரும் கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டோடு ஓடியபின் ஒருத்தி மட்டும் நின்றாள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

“டீச்சர், ஆட்டோல போமாட்டேன்னு எங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா திட்டுறாங்க.”

“சொல்றேன்டா. ஆட்டோல என்னன்னு எனக்குச் சொல்றியா?”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நிஜமாகவா என்றும் கேட்கவில்லை. வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கதவைத் திறந்துவைத்து, பெஞ்சில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டேன். நடுவில் நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். நானும் இருந்தேன். “கடைசியா எறங்குறது நான்தான் டீச்சர்” என்றாள். பிறகு மீதியைச் சொன்னாள்.

“யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?”

“உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்டா. அவங்ககிட்ட சொல்லாம இருக்கமாட்டேன். நீ ஒண்ணும் தப்பு பண்ணல. சொன்னது ரொம்ப நல்லது.”

அவள் சாப்பிடும்வரை கூட இருந்தேன். அப்புறம் அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, என் சொல் ஒன்றும் கலக்காமல், நேரம் போட்டு எழுதி வைத்தேன்.

ஹெச்.எம். மேடம் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டார். “பாவி. ஆனா டீச்சர், ஆட்டோ நம்ம பள்ளியோடது இல்லையே. பேரண்ட்ஸ் மாச வாடகைக்குப் பேசிக்கிட்டது. அவங்கம்மாவக் கூப்பிட்டு ஆட்டோவ மாத்தச் சொல்லிடலாம். பொம்பளப் புள்ள, நாளைக்கு அது பேரு கெட்டுடக் கூடாது.”

அவர் கெட்டவர் இல்லை. இந்தப் பள்ளியில் பீஸ் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைக்காசு கொடுத்தவர். ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுகிறார், பிள்ளைக்காகவே பயப்படுகிறார். பள்ளிக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை என்றேன். அசையவில்லை. அப்புறம் சொன்னேன்: “சாயங்காலம் அதே ஆட்டோல இன்னும் அஞ்சு புள்ளைங்க ஏறணும் மேடம்.”

கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். “நம்பர் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் பேசுறேன்.”

1098-இல் எடுத்த பெண் முதலில் கேட்டது பள்ளியின் பெயரை இல்லை. “குழந்தை இப்ப எங்க இருக்கு? பத்திரமா இருக்கா?” அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி பலம் வந்துவிட்டது.

மழையைக் காரணம் சொல்லி அந்த ஆறு வீட்டுக்கும் போன் செய்து, பெற்றோரே வந்து கூட்டிப்போகச் செய்தோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இரண்டு பேர் இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். ஹெச்.எம். எழுத்தில் புகார் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது அவர் கை நடுங்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

அவள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். அப்பா திருப்பூரில். நேற்று பள்ளியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஒரே தெருங்க டீச்சர். சித்தப்பா முறை வேணும். நாளைக்கு அந்த மூஞ்சிலதான முழிக்கணும்.” இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். தெரியாத ஆளிடம் பேசாதே என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம்.

எங்கே வைத்துப் பேசலாம் என்று பிள்ளையிடமே கேட்டார்கள். பாட்டி வீடு என்றாள். பெண் எஸ்.ஐ. ஒருவர் சுடிதாரில் ஸ்கூட்டியில் வந்தார். ஜீப் இல்லை, காக்கி இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது: பிள்ளை விரும்பும் இடத்தில், சீருடை இல்லாமல், நம்புகிறவர் பக்கத்தில் இருக்க. அம்மா உள்ளே இருந்தார், நான் திண்ணையில். தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருத்துவமனையிலும் பெண் டாக்டர், அம்மா கூடவே.

ராத்திரி அந்த ஆட்டோ ஓட்டுநரைக் கைது செய்துவிட்டதாகப் போன் வந்தது.

நவம்பர் 20, புதன்

ஸ்டாஃப் ரூமில் கசிந்துவிட்டது. “எந்தப் புள்ள? நம்ம கிளாஸா?” அக்கறையோடுதான் கேட்கிறார்கள். சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன். மனத்தாங்கல் வந்தது, வரட்டும். வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு டீச்சரின் கண்ணும் தன்னைத் தேடினால் அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்து கணக்குப் போடுவாள்?

நவம்பர் 21, வியாழன்

வந்துவிட்டாள். குழந்தைகள் நலக் குழு ஒரு துணை நபரை நியமிக்கப் போகிறதாம். வழக்கு முடியும்வரை கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வருவார். “மத்த டீச்சர்க்கெல்லாம் தெரியுமா?” என்று கேட்டாள். “ஹெச்.எம்.முக்கும் எனக்கும் மட்டும்” என்றேன். அறிவியல் டெஸ்ட் தவறிவிட்டதே, திரும்ப வைப்பீர்களா என்று அடுத்த கேள்வி.

நவம்பர் 22, வெள்ளி

குழு கூடியது. ஒரு வரியில் முடியவில்லை, நோட்டில் மூன்று பக்கம் ஓடியது. பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, பேச விடவும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிவரும் ஒவ்வொரு ஆட்டோ, வேன் ஓட்டுநரின் லைசென்ஸ் நகலும் முகவரியும் பள்ளியில் இருக்க வேண்டும், காவல் நிலையத்தில் சரிபார்க்க வேண்டும். எந்த வண்டியிலும் கடைசியில் ஒரு பிள்ளை தனியாக இறங்கக் கூடாது. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. வழித்தடத்தை மாற்றினால் வாடகை ஏறும் என்றார் ஒரு பெற்றோர். அது உண்மை, அவருக்கு அது பெரிய பணம்தான். இரண்டு தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றினால் கட்டும் என்று ஆயாம்மாதான் வழி சொன்னார். அவருக்குத் தெரியாத சந்து இந்த ஊரில் இல்லை. வெளியிலிருந்து கராத்தே, ஓவியம், முகாம் என்று யார் வந்தாலும் அவரை அனுப்பிய அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்காமல் உள்ளே விடுவதில்லை. பெட்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறது. புதுப் பூட்டு. வாரம் இருமுறை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும்.

முடியும்போது ஓர் அப்பா கேட்டார்: “பொம்பளப் பசங்களுக்குச் சொல்றீங்க, சரி. ஆம்பளப் பசங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த கிளாஸு?” மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். பேசிய பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள், அவர்களிலும் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். அவர் பையன் எட்டாவது படிக்கிறான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எப்ப வச்சிருக்கீங்க?” என்றார்.

திங்கள் மூன்றாவது பீரியட். பி.டி. சாரும் கூட உட்காருகிறேன் என்றிருக்கிறார்.