இடுப்பில் பிள்ளை, ஏறு ரயிலில்!

கொட்டிவாக்கத்து இளம் தாய்மார்களே, மயிலாப்பூர் போக வீட்டுக்காரரின் லீவுக்காகக் காத்திருக்கிறீர்களா? என் மூத்தவள் கைக்குழந்தையாயிருந்தபோது அம்மா வீட்டுக்குப் போக ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கிக் கிடந்தவள் நான். இனி அது வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாதாரண கட்டண பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். 2021 மே முதல் அதில் பெண்களுக்குக் காசு கிடையாது. சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் டைடல் பார்க் பக்கம் போனால் பறக்கும் ரயில். 2004-ல் இங்கு வந்தது. ஆறாவது ஸ்டேஷன் திருமயிலை.

ஸ்டேஷன்களில் படிகள் அதிகம். பையைத் தோளில் மாட்டி, ஒரு கையைக் கைப்பிடிக்கு வையுங்கள். கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றைக் காட்டுங்கள். அழுகிற பிள்ளையும் வாய் பார்க்கும். கூட்டமில்லாத பகல் வேளையே நல்லது. அம்மா கைக் காபி குடித்துவிட்டு, சாயங்கால நெரிசலுக்கு முன் வீடு திரும்பலாம்!